காடு என்றாலே கதவடைப்பதா?



பள்ளிச் சுற்றுலா பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரே பட்டியல்தான் நம் முன் வருகிறது. லெகோலேண்ட், கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம், மலாக்கா, ஏதேனும் ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா. இவற்றில் எதையும் நான் குறைகூற வரவில்லை. பிள்ளைகள் மகிழத்தான் வேண்டும். ஆனால், "ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துச் சென்று ஓரிரவு கூடாரத்தில் தங்க வைப்போமா?" என்று யாரேனும் கேட்டுவிட்டால் போதும், கூட்டத்தில் ஓர் அமைதி விழும். பிறகு பின்வரிசையிலிருந்து, "ஏன் ஐயா, வேறு இடமே கிடைக்கவில்லையா?" என்றொரு குரல் எழும். எல்லாரும் சிரிப்பார்கள். பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

அந்தச் சிரிப்பை நான் ஏற்கவில்லை. நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியை விட்டுப் போவதற்குள் ஒரு முறையாவது உண்மையான காட்டில் நடந்து, ஓர் இரவு அங்கே தங்கிவர வேண்டும் என்பது என் கருத்து. அவர்களை அனுப்பாமல் இருப்பது பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். அது பாதுகாப்பன்று.

நம் மக்களின் அச்சம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இந்நாட்டில் தமிழர் காட்டுக்கு உலா போனவர்கள் அல்லர். காட்டை அழித்துத் தோட்டம் போடக் கொண்டுவரப்பட்டவர்கள். மரத்தை வெட்டிச் சாய்த்து, எரித்து, ரப்பர்க் கன்று நட்ட அந்தத் தலைமுறை மலேரியாக் காய்ச்சலுக்குக் கொத்துக் கொத்தாக இரையானது. அதன்பின் சப்பானியர் காலம். 1942-43-இல் போடப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம் இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் அந்தக் காட்டிலேயே மாண்டு போயினர். போன கணவன் திரும்பவில்லை என்ற ஒற்றை வரியில் முடிந்துபோன குடும்பக் கதைகள் நம் வீடுகளில் இன்னும் உள்ளன. அப்படிப்பட்ட ஒரு குடியில், 'காட்டுப் பக்கம் போகாதே' என்பது வெறும் கோழைத்தனம் ஆகாது. இழப்பு கற்றுக்கொடுத்த எச்சரிக்கை அது.

ஆனால் அந்த எச்சரிக்கையைச் சொன்ன பாட்டிக்குக் காடு தெரியும். எந்தக் கீரையைப் பறிக்கலாம், எந்தக் காளானைத் தொடக்கூடாது, அட்டை கடித்தால் என்ன செய்வது, மேகம் எந்தத் திசையில் கறுத்தால் ஒட்டுப்பாலை விட்டுவிட்டு ஓடி வரவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அச்சமும் அறிவும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் தாமான் வீடுகளுக்கு வந்தபோது அச்சத்தை மட்டும் மூட்டை கட்டி எடுத்து வந்துவிட்டோம். அறிவை அங்கேயே விட்டுவிட்டோம். இன்று கெலாங் பாத்தாவில் வளரும் ஒரு பிள்ளை ஆறு என்று காண்பது சிமெண்டுக் கால்வாயைத்தான்.

ஒருநாள் இரட்டைக்கிளவி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 'சலசல' என்பது நீரோடும் ஒலியைக் குறிக்கும் என்று கூறிவிட்டு, வாக்கியம் அமைக்கச் சொன்னேன். இருபத்தெட்டு மாணவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர், 'ஓடையில் நீர் சலசலவென ஓடியது' என்று பிழையின்றி எழுதினார்கள். "ஓடையை நேரில் கண்டவர் கை தூக்குங்கள்" என்றேன். நான்கு கைகள். அந்த நால்வரில் ஒருவன் கண்டது பேரங்காடியின் கீழ்த்தளத்தில் உள்ள செயற்கை அருவி! தேர்வில் அனைவருக்கும் முழுப் புள்ளிதான். குறிஞ்சி என்றால் மலையும் மலைசார்ந்த இடமும், முல்லை என்றால் காடும் காடுசார்ந்த இடமும் என்று மனப்பாடமாக ஒப்புவிக்கிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியிருக்கிறார் என்று நாம் பெருமை பேசுகிறோம். நிலத்தைக் கொண்டே வாழ்க்கையைப் பகுத்த ஓர் இலக்கியத்தை, எந்த நிலத்தையும் மிதித்தறியாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். மொழியாசிரியனாக எனக்கு இது உறுத்துகிறது.

சரி, ஆபத்துக்கு வருவோம். பெற்றோர் முதலில் சுட்டுவது பத்தாங் காலியைத்தான். 2022 டிசம்பர் 16 அதிகாலையில், மலைச்சரிவின் அடியில் இருந்த முகாம் தளத்தின்மீது மண் சரிந்து 31 பேர் இறந்தனர். கோலாலம்பூர்ச் சீனப்பள்ளி ஒன்றின் ஆசிரியர்களும் குடும்பத்தாரும் அவர்களுள் இருந்தனர் என்பதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஆகஸ்டு 18-இல், கெடா குனோங் ஜெராயில் பெய்த மழை அடிவாரத்தின்மேல் திடீர் வெள்ளமாகப் பாய்ந்து உயிர்களைப் பறித்தது. நம் பக்கத்திலேயே குனோங் பூலாய் இருக்கிறது. 2001 டிசம்பர் 27-இல் 'வாமேய்' புயல் ஜொகூரில் கரையேறியது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் புயல் உருவாவது அரிதினும் அரிது என்று வானிலை அறிஞர்கள் வியந்த புயல் அது. அந்த மழையில் குனோங் பூலாயில் ஏற்பட்ட மண்சரிவு ஐந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இந்நிகழ்வுகளை நான் மறைக்கவில்லை. மாறாக வகுப்பில் சொல்லவேண்டும் என்கிறேன். இவற்றை உற்று நோக்குங்கள். இவர்களைப் புலி கொல்லவில்லை, பாம்பு கொல்லவில்லை. பெருமழையும், சரிவும், அந்நேரத்தில் அவ்விடத்தில் இருந்ததுமே காரணங்கள். பத்தாங் காலித் தளத்திற்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்பது பிறகு தெரியவந்தது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்த மாதம்? எந்தச் சரிவின் கீழ்? யார் உரிமம் கொடுத்தது? வழிகாட்டி யார்?

மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நாம் காட்டாற்று வெள்ளம் என்கிறோம். மலைமேல் மழை கொட்டும். கீழே குளிப்பவர் தலைமேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சற்று நேரத்தில் தெளிந்த நீர் கலங்கத் தொடங்கும். இலைகளும் சுள்ளிகளும் வழக்கத்துக்கு மாறாக மிதந்து வரும். நீர்மட்டம் மெல்ல ஏறும். மேற்புறத்திலிருந்து ஓர் இரைச்சல் கேட்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் துண்டையும் செருப்பையும் தேடாமல் உடனே கரையேறி, மேட்டுக்குப் போய்விட வேண்டும். அருவி ஒன்றையே பார்த்திராத பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? பன்னிரண்டு வயதில் நாம் அனுப்ப மறுக்கிறோம். பதினெட்டு வயதில் அவன் நண்பர்களோடு மோட்டார்சைக்கிளில் தானாகவே போகிறான். வழிகாட்டி கிடையாது, வானிலை பார்ப்பதும் கிடையாது. அன்று அவனைத் தடுக்க நாம் அருகில் இருக்கமாட்டோம். என் அச்சமெல்லாம் அந்தப் பதினெட்டு வயதைப் பற்றியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூன் 9-இல் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் மாண்டனர். அதற்காக நாம் பேருந்துப் பயணத்தையே நிறுத்திவிடவில்லை. ஓட்டுநரையும் வண்டியையும் கேள்வி கேட்கத் தொடங்கினோம். அதே நியாயத்தைக் காட்டுக்கும் கொடுத்தால் என்ன?

தமிழ்நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. 2018 மார்ச்சு 11-இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கும் 'இனி யாரும் மலையேறவேண்டா' என்ற குரல்கள் எழுந்தன. ஆனால் அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் நாற்பது வழித்தடங்களுடன் மலையேற்றத் திட்டமொன்றையும் தொடங்கியது. அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்களே பயிற்சி பெற்று வழிகாட்டுகிறார்கள். நம் நாட்டிலும் வனத்துறையின் அனுமதிச் சீட்டும், சான்றிதழ் பெற்ற மலை வழிகாட்டிகளும் இருக்கவே இருக்கிறார்கள். நாம்தான் அவர்களிடம் போய்க் கேட்பதில்லை.

பள்ளித் திடலில் கூடாரம் அடித்து, இரவு பதினொரு மணிவரை ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, காலையில் நாசி லெமாக் கொடுத்து அனுப்பும் சீருடை இயக்க முகாம்களைப் பற்றி என்ன சொல்வது! கூடாரம் அடிக்கப் பழகுவார்கள், அவ்வளவே.

எடுத்த எடுப்பில் எண்டாவ் ரொம்பினுக்குப் போகச் சொல்லவில்லை. முதலில் நம் காலடியில் இருப்பதைக் காட்டுவோம். சுங்கை பூலாய்ச் சதுப்புநிலக் காடு 9,126 ஹெக்டர். 2003 சனவரி 31-இல் தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப் ஆகியவற்றுடன் அனைத்துலக ராம்சார் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது. தஞ்சோங் பியாய் ஆசியப் பெருநிலத்தின் தென்முனை. அங்கே மரப்பாலத்தில் நடந்தபடியே அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களைப் பார்க்கலாம். நெய்தல் பாடத்தை அங்கு நடத்துங்கள். தஞ்சோங் கூப்பாங்கில் 2008 முதல் 'கெலாப் அலாமி' என்னும் குழு மீனவர் பிள்ளைகளுக்குக் கடற்புல் திட்டுகளையும் கடற்குதிரைகளையும் பற்றிக் கற்றுத் தந்து வந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் தங்கள் கரையைப் பெயர் சொல்லி அறிவார்கள். அதே வட்டாரத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு கரை இருப்பதே தெரியாது.

அடுத்தது குனோங் பூலாய். உயரம் 654 மீட்டர்தான். வண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்குள்ள நீர்த்தேக்கத்திலிருந்து சிங்கப்பூர் பல்லாண்டுகள் தண்ணீர் எடுத்தது. 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தம் முடிந்து, 2011 ஆகஸ்டு 31-இல் அந்த நிலையம் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் ஊர்ப் பெற்றோரில் எத்தனையோ பேர் விடியுமுன் எழுந்து இரண்டாவது பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். ஒரு காலத்தில் இந்த மலையின் நீரும் அப்படித்தான் எல்லை கடந்து போனது என்று பிள்ளைகளிடம் சொன்னால், வரலாறு அவர்கள் வீட்டுக் கதையாகிவிடும்.

இவ்விரண்டும் பழகிய பிறகே எண்டாவ் ரொம்பின். 1977-இல் அக்காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்டத் தொடங்கியபோது நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. 1985-86-இல் மலாயா இயற்கைக் கழகம் அறிஞர்களை அனுப்பி அக்காட்டை ஆராய்ந்தது. எண்டாவ் பெயரைத் தாங்கிய விசிறிப் பனை ஒன்று 1987-இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. காஹாங்கிலிருந்து செம்மண் பாதையில் நெடுந்தொலைவு குலுங்கிக்கொண்டு போனால் கம்போங் பேத்தா. அங்கே ஜக்குன் பூர்வகுடியினர் வழிகாட்டுவார்கள். உப்பே கூலிங் அருவியில், நீரோடு சுழன்ற கற்கள் பாறையைக் குடைந்து குளியல் தொட்டிகளைப் போல் குழிகள் செய்திருக்கின்றன. 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்ற பழமொழியை நான் கரும்பலகையில் எழுதி விளக்குவதைவிட, அந்தக் குழியில் ஒரு மாணவன் கைவிட்டுப் பார்ப்பது மேல்.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தாய்மார்கள் தயங்குவது நியாயமே. ஆசிரியைகளும் தாய்மார்களும் உடன்வர வேண்டும். கழிப்பறை, உடைமாற்றும் இடம் ஆகியவற்றை முன்கூட்டியே ஒருவர் போய்ப் பார்த்துவர வேண்டும். அதற்காகப் பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டு ஆண்பிள்ளைகளை மட்டும் அழைத்துப் போகும் ஏற்பாட்டுக்கு நான் உடன்படமாட்டேன். செலவைப் பற்றிக் கவலைப்படுவோர் கேளிக்கைப் பூங்காவின் நுழைவுக் கட்டணத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அட்டையா? கடிக்கும். யாரும் செத்ததில்லை.

இறுதியாக, மாதம். தேர்வு முடிந்தபின் போகலாம் என்று எல்லாச் சுற்றுலாவையும் ஆண்டிறுதிக்குத் தள்ளுவது நம் வழக்கம். நவம்பர், டிசம்பர் மாதங்கள்தாம் ஜொகூரின் கிழக்குப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம்; எண்டாவ் ரொம்பின் பூங்காவையே அப்போது மூடிவிடுவது வழக்கம். வாமேய் வந்ததும், பத்தாங் காலி சரிந்ததும் டிசம்பரில்தான். எனவே அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சுற்றுலா நாளை ஜூன் அல்லது ஜூலைக்கு மாற்றக் கேட்கப் போகிறேன். உடன்வர விரும்பும் பெற்றோர் தங்கள் பெயரை வகுப்பாசிரியரிடம் இப்போதே கொடுத்துவைக்கலாம். பதினைந்து பிள்ளைகளுக்கு ஐந்து பெரியவர்களாவது வேண்டும்.