கபுரடி இல்லாத குடும்பங்களின் கோரிக்கை மனு

திகதி: 2024.08.12

பெறுநர்:
ஜனாதிபதியின் செயலாளர்
செயலாளர், சுகாதார அமைச்சு
செயலாளர், நீதி அமைச்சு

விடயம்: கொவிட் காலக் கட்டாய ஜனாஸா எரிப்பினால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நீதி கோரல்

ஐயா / அம்மணி,

கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை கடந்த ஜூலை மாதம் தீர்மானித்தது. அதை நாம் மதிக்கின்றோம். எனினும் எமது சங்கத்துக் குடும்பங்களில் ஒன்றுக்கேனும் அது பற்றி ஒரு கடிதம் வரவில்லை. தவறு நடந்ததென அரசு ஏற்றுக்கொண்ட பின், அது யாரால், எதனால் நடந்தது என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

2020 மார்ச் 24 அன்று உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டல் அடக்கவும் எரிக்கவும் இடமளித்தது. சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டலும் அவ்வாறே இருந்தது. அது சில நாட்களில் மாற்றப்பட்டு, ஏப்ரல் 11 வர்த்தமானியில் எரிப்பு மட்டுமே சட்டமானது. நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்றார்கள், ஆதாரம் காட்டவில்லை. டிசம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் இதற்கு எதிரான அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அடுத்த சில நாட்களில் பிறந்து 20 நாளான சிசுவும் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தையின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டி அழுதார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கியது.

அந்த மாதங்களில் நோயாளியின் மதத்தைச் சொல்லிச் செய்தி வாசிக்கப்பட்டது. முஸ்லிம்கள் வேண்டுமென்றே நோயைப் பரப்புவதாகவும், அவர்களின் கடைகளுக்குப் போகக்கூடாதென்றும் பதிவுகள் பரவின. ஆதாரமற்ற வர்த்தமானி அந்த இனவாதப் பேச்சுக்கு அரச முத்திரை குத்தியது. காய்ச்சல் வந்தவர்கள் வைத்தியசாலைக்குப் போகத் தயங்கினார்கள். மௌத்தை விட எரிப்புக்கே பயந்தார்கள்.

எமது உறுப்பினர் ஒருவரின் உம்மா ஒரு வைத்தியசாலையில் மௌத்தானார். குளிப்பாட்ட விடவில்லை. பெட்டிக்கான பணத்தை மட்டும் மகனிடம் கேட்டார்கள். தகனசாலைக்கு வெளியே வீதியோரத்தில் நின்று, புகையைப் பார்த்தபடி அவர் ஜனாஸா தொழுதார். சாம்பலை வாங்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. ஹஜ்ஜுக்குப் போன உம்மா ஸம்ஸம் நீரில் நனைத்துக் கொண்டுவந்த கபன் துணி, வீட்டு அலுமாரியில் மடித்தபடியே இன்றும் இருக்கிறது.

ஆகவே பின்வரும் கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்:

1. எரிப்பை மட்டும் அனுமதித்த முடிவை எடுத்தவர்கள் யார், எந்த அறிவியல் ஆலோசனையின் பேரில் எடுத்தார்கள் என்பதைச் சுயாதீன ஆணைக்குழு விசாரிக்க வேண்டும். அதன் அறிக்கை மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும்.

2. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று சொல்லப்படுகிறது. மதபேதமின்றி, விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்ட அனைவரினதும் விபரம் தயாரிக்கப்பட்டு, உரிய குடும்பங்களுக்கு வழங்கப்பட வேண்டும்.

3. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மரணித்தவரின் பெயர் குறிப்பிட்ட மன்னிப்புக் கடிதமும் நட்டஈடும் தரப்பட வேண்டும். பெட்டிக்கென அறவிட்ட பணம் திருப்பித் தரப்பட வேண்டும்.

4. அடக்கமா, தகனமா என்பதைக் குடும்பமே தீர்மானிக்கும் உரிமையை உறுதிப்படுத்துவதாக வாக்களிக்கப்பட்ட சட்டத்தைத் தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும்.

5. தடை நீங்கிய பின்னரும் ஓராண்டு காலம், கொவிட்டினால் மரணித்தோரை ஓட்டமாவடி எனும் ஒரே இடத்தில் மட்டுமே அடக்க முடிந்தது. அங்கே எல்லாச் சமூகங்களையும் சேர்ந்த 3,600க்கு மேற்பட்டோர் உறங்குகின்றனர். அம்மையவாடியை அரசு பராமரிப்பதுடன், தூர இடங்களிலிருந்து ஸியாரத்துக்கு வருவோருக்குத் தங்குமிட வசதியும் செய்ய வேண்டும்.

6. தொற்றுநோய்க் காலத்தில் நோயாளியின் இனத்தையோ மதத்தையோ வெளியிடுவது தடுக்கப்பட வேண்டும். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம் வெறுப்பைத் தூண்டுவோர் மீது பாரபட்சமின்றிப் பயன்படுத்தப்பட வேண்டும்.

7. எரிக்கப்பட்டோரின் பெயர்கள் பொறித்த நினைவிடம் ஒன்று அமைக்கப்பட வேண்டும். பெருநாள் தொழுகை முடிந்து ஊரார் மையவாடிக்குப் போகும்போது, எமது பிள்ளைகள் போவதற்கு ஓரிடம் இல்லை.

இவை குறித்துப் பேச எமது பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சங்கம்