குட்டைக் கால் அழகு

"செராமாக் கோழி வாங்கப் போகிறேன், ஐயா" என்றான் நான்காம் ஆண்டு மாணவன். கிளந்தானில் உருவான, அரைக் கிலோவும் தேறாத சிறு கோழி. நெஞ்சு நிமிர்த்தி நிற்கும் நம் நாட்டுப் பெருமை. இறகுக்கும் நிறத்துக்கும் தேர்ந்தெடுத்து வளர்ப்பதை நான் மறுக்கவில்லை. காலைக் குட்டையாக்குவதையே மறுக்கிறேன். ஜப்பானியச் சாபோ இனத்தைப் பாருங்கள். குட்டைக் காலுள்ள இரண்டை இணைத்தால், கருவுற்ற முட்டைகளில் ஏறத்தாழ 25 விழுக்காடு ஓட்டுக்குள்ளேயே மடிகின்றன. இருபுறமும் அம்மரபணுவைப் பெற்ற கரு பிழைப்பதில்லை. துணைக்கு நீண்ட காலுள்ளதைச் சேர்த்தால் இவ்விழப்பு இல்லை. பாதிக் குஞ்சுகள் குட்டைக் காலுடனேயே வரும். பெற்றோரே, கோழி வாங்கித் தருமுன் இதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். நான் சொன்னபோது, "முட்டைக்குள்ளேயா, ஐயா?" என்றவன் நெடுநேரம் பேசவில்லை.