என் வண்டியின் சாவி யாருடையது?



போன மாதம் திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் கார் ஐந்து நாள் அசையாமல் நின்றது. "சார், வண்டி ரிப்பேரா?" என்று சிலர் போனில் கேட்டீர்கள். வண்டிக்கு ஒன்றுமில்லை. என் சட்டைப் பையில் இருந்த ஸ்மார்ட் சாவி வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. மறுநாள் காலை என் மனைவிக்குப் புதுச்சேரியில் கண் அறுவைச் சிகிச்சை. அவசரத்துக்கு டாக்சி கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது நேரம் தவறிவிட்டது. சிகிச்சை ஒரு வாரம் தள்ளிப்போனது. ஒரு சாவிக்காக!

2013 மாடல் வண்டி. பழைய வண்டியாக வாங்கியபோது ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். கேட்காமல் வாங்கியது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்து நடந்தது என் தவறில்லை.

விழுப்புரத்தில் அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "பழைய மாடல் சார், சாவி வெளியூரிலிருந்து வரணும், மூணு வாரம் ஆகும். வண்டியை டோ பண்ணி இங்கே கொண்டு வாங்க. எல்லாம் சேர்த்து 24,000 ஆகும்" என்றார்கள். "வண்டிக்கான ரகசிய எண்ணையாவது கொடுங்கள், நான் வெளியே பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். "அது கம்பெனி ரகசியம் சார்" என்று பதில் வந்தது.

என் பெயரில் ஆர்.சி. என் பெயரில் இன்சூரன்ஸ். வரி கட்டுவது நான். அந்த வண்டியைத் திறக்கும் எண் மட்டும் எனக்கே ரகசியமா?

இது என்ன பெரிய வித்தை என்று பார்ப்போம். வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்குள் ஒரு பதிவேடு இருக்கிறது. எந்தெந்தச் சாவிக்கு அனுமதி என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் வண்டி சாவியிடம் ரேடியோ அலையில் ஒரு கேள்வி கேட்கும். சாவிக்குள் இருக்கும் சிப் சரியான பதில் சொன்னால்தான் என்ஜின் ஓடும். புதுச் சாவியை 'புரோகிராம்' செய்வது என்றால் அதன் பெயரைப் பதிவேட்டில் சேர்ப்பதுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகி இதைச் செய்கிறார்கள். வேலை செய்யும் சாவி ஒன்று கையில் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் இது சுலபம். எல்லாச் சாவியும் போய்விட்டால் பல வண்டிகளில் ரகசிய எண் தேவைப்படும், செலவும் ஏறும்.

கடைசியில் எனக்கு உதவியவர் விழுப்புரத்தில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு சாவிக்காரர். திண்டிவனத்துக்கே வந்தார். முதலில் ஆர்.சி.யையும் ஆதாரையும் வாங்கிப் பார்த்தார், நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகுதான் பெட்டியைத் திறந்தார். 50 நிமிட வேலை. இரண்டு சாவிக்கும் சேர்த்து 11,000 ரூபாய். போகும்போது சொன்னார்: "ஒரு சாவி நல்லா இருக்கும்போதே கூப்பிட்டிருந்தா பாதி செலவுல முடிஞ்சிருக்கும் சார்."

"கண்டவனுக்கும் எண்ணைக் கொடுத்தால் திருட்டு பெருகும்" என்று கம்பெனிகள் சொல்கின்றன. திருட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு வந்தது, மறுக்கவில்லை. ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களில் இது கட்டாயம். ஆனால் நான் கேட்பது கண்டவனுக்கு அல்ல, உரிமையாளருக்கு. அடையாளம் பார்த்துக் கையெழுத்து வாங்க அந்தச் சாவிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அதையே சட்டமாக்கி, அவர் போன்றவர்களுக்கு உரிமம் கொடுத்துப் பதிவேடு வைக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பூட்டு திருடனுக்குத்தான். வீட்டுக்காரனுக்கு அல்ல.

நான் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை. 2011இல் ஷம்ஷேர் கட்டாரியா என்ற தனி மனிதர், உதிரி பாகங்களும் பழுது பார்க்கும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை என்று இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் செய்தார். 2014 ஆகஸ்டில் ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பாகங்களையும் கருவிகளையும் தொழில்நுட்ப விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளமே தொடங்கியது. அதில் வாகனங்களும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் விழுப்புரம் கவுன்டரில் எனக்குக் கிடைத்தது "ரகசியம் சார்" என்ற பதில்தான்.

பத்து வருடம் ஆன வண்டியை வைத்திருப்பவர் யார்? ஓய்வூதியக்காரர், சின்ன வியாபாரி, முதன்முதலாகக் கார் வாங்கும் குடும்பம். புது வண்டி வாங்குபவனுக்கு இரண்டு சாவி, பழைய வண்டி வாங்கியவனுக்கு மூன்று வாரக் காத்திருப்பு. இது நியாயமா?

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார் கம்பெனிகளில் வேலை செய்யும் என் மாணவர்களே, உங்கள் மேலதிகாரிகளிடம் இதைப் பேசுங்கள். வக்கீலாக இருப்பவர்களே, யாராவது இப்படி அலைந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வழிகாட்டுங்கள். மற்றவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரையாவது பதிவு செய்யுங்கள். புகார் இல்லை என்றால் குறையே இல்லை என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

அதோடு, வீட்டுப்பாடம்:

பழைய வண்டி வாங்கும்போது இரண்டு சாவியையும் கேளுங்கள். இல்லை என்றால் அதற்கான பணத்தை விலையில் குறையுங்கள். வண்டி திருடு போனால் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு சாவியையும் கேட்பது வழக்கம். ஒன்றுதான் இருக்கிறது என்றால் விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோவீர்கள்.

ஒரே சாவி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே இரண்டாவதைச் செய்துகொள்ளுங்கள். புதுச் சாவியோடு எண் பொறித்த சின்னத் தகடோ அட்டையோ வந்திருந்தால் வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

சாவி வேலை செய்யவில்லை என்றால் உடனே பயப்படாதீர்கள். உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்தாலே என்ஜின் ஓடும். கதவைத் திறக்க ஸ்மார்ட் சாவிக்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும்.

மனைவிக்குச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது ஒரு சாவி என்னிடம், இன்னொன்று அவரிடம். இனி சட்டையைத் துவைக்கப் போடும் முன் பையைப் பார்ப்பதும் அவர்தான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், திண்டிவனம்