பலகையில் இல்லாத பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, நண்பரின் தம்பி மகனைத் தேடி மூன்று காவல் நிலையங்களின் வாசலில் நின்றோம். ‘விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள்’ என்பதற்கு மேல் வீட்டாருக்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் நிலையத்தில் பாராவில் நின்றவர் எங்கள் முகத்தைப் பார்க்காமலேயே, “அப்படி யாரும் இங்கே இல்லையே சார்” என்றார். இரண்டாவதில் ரைட்டர் சாப்பிடப் போயிருந்தார். மூன்றாவதில், முதலில் கேட்ட இடத்திலேயே இன்னொரு முறை கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். விடிந்த பிறகு தெரிந்தது, பையன் முதல் நிலையத்தின் பின்கட்டிலேயே இரவு முழுவதும் உட்கார்ந்திருந்திருக்கிறான். அடி ஏதும் விழவில்லை, மாலையில் அனுப்பிவிட்டார்கள். எந்த ஏட்டிலும் அவன் பெயர் ஏறவில்லை என்பதால், அப்படி ஒன்று நடந்ததாகவே இன்று யாராலும் நிறுவ முடியாது.

மொழியில் அக்கறை உள்ளவர்கள் என்ற முறையில் இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று ‘கைது’, மற்றது ‘விசாரணைக்கு அழைத்துச் சென்றனர்’. நம் நாளிதழ்கள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. ஆனால் கைதானவனை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு சொல்கிறது. விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவனுக்கு அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. எப்போது ஓடத் தொடங்கியது என்பதை எழுதுகிற பேனாவும் நிலையத்தில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வந்து கேட்கிறவனுக்கு ஒரு பதிவு கிடைக்க வேண்டியதன் அவசியம் இங்கேதான் பிறக்கிறது.

இதை உச்ச நீதிமன்றம் உணராமல் இல்லை. 1986இல் மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பொன்றின் பொறுப்பாளரான டி.கே. பாசு, காவல் மரணங்கள் பற்றித் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அது மனுவாக ஏற்கப்பட்டு, பத்தாண்டு கழித்து 1996 டிசம்பரில் தீர்ப்பானது. அதில் சொல்லப்பட்ட 11 கட்டளைகளில் கடைசியானது மிக எளிமையானது. கைது நடந்த 12 மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போக வேண்டும். அங்கே அது எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பலகையில் எழுதப்பட வேண்டும். அவ்வளவுதான். ஒரு பலகை, கொஞ்சம் சாக்குக்கட்டி. இதற்கு விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை.

பின்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2010 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கைதானவர்களின் பெயர், முகவரியோடு, கைது செய்த அதிகாரிகளின் பெயரும் பதவியும் பலகையில் இருக்க வேண்டும் என்றது அது. பொதுமக்கள் அறிந்துகொள்வதற்காக மாநிலத் தலைமையகத்தில் ஒரு தகவல் தொகுப்பு வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37ஆவது பிரிவு இருக்கிறது. (பெயரை உச்சரித்துப் பழகவே நமக்குச் சில மாதங்கள் ஆயின.) இதில் ஒரு முன்னேற்றம் உண்டு: மாவட்டத் தலைமையிடத்தில் மட்டுமல்ல, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இந்த விவரம் காட்சிக்கு இருக்க வேண்டும், மின்வடிவிலும் இருக்கலாம், அதற்கென ஓர் அதிகாரி பொறுப்பேற்க வேண்டும். ஆனால் இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோது எங்களுக்குத் துணுக்கென்றது. பிடிபட்டவனின் பெயரும் முகவரியும் இருக்கின்றன. பிடித்தவரின் பெயர் காணாமல் போயிருக்கிறது. பொதுமக்களுக்கான தகவல் தொகுப்பு என்ற சொற்களும் கூடவே போய்விட்டன. இதைப் பற்றி எவரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

ஒரு பதிவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இலக்கிய வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஈச்சர வாரியரின் நினைவுக்குறிப்புகளைப் படித்தவர்கள் நம்மில் பலர், தமிழிலும் வந்திருக்கிறது. கோழிக்கோட்டு மண்டலப் பொறியியற் கல்லூரி மாணவரான அவருடைய மகன் ராஜனை 1976 மார்ச் 1ஆம் தேதி போலீசார் பிடித்துச் சென்றனர். கக்கயம் முகாமில் எந்தப் பலகையும் இல்லை. அடுத்த மாதமே, ஆட்கொணர்வு மனுவுக்கு நெருக்கடி நிலையில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றக் கதவும் சாத்தப்பட்ட நிலையில், அந்த இந்திப் பேராசிரியர் அதிகாரிகளையும் அமைச்சர்களையும் தேடி ஓராண்டு அலைந்தார். 1977இல் நெருக்கடி நிலை விலகிய பின்னரே கேரள உயர் நீதிமன்றத்தில் அவரால் கேட்க முடிந்தது. அதன் தொடர்ச்சியாக, முதலமைச்சராகியிருந்த கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. உடல் கிடைக்கவே இல்லை. ஷாஜி என். கருணின் ‘பிறவி’யில் தினமும் துறைக்குப் போய்க் காத்திருந்து திரும்பும் அந்தக் கிழவரை மறக்க முடியுமா? அவர் கேட்டது நீதிகூட அல்ல. ‘என் பிள்ளை உங்களிடம் இருக்கிறானா?’ என்ற ஒரு கேள்விக்கு ஆம் அல்லது இல்லை.

அதெல்லாம் நெருக்கடிக் காலம் என்று தள்ளிவிட முடியவில்லை. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் தந்தையைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேட்டு, நிலையத்துக்கு விசாரிக்கப் போனவர்தான் பென்னிக்ஸ். கேட்கப் போனவர் திரும்பவில்லை. மறுநாள் இருவரும் கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகனும் 23ஆம் தேதி காலை தந்தை ஜெயராஜும் இறந்தார்கள். நிலையத்துக் கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் ஒவ்வொரு நாளும் தாமாகவே அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் அறிக்கையில் எழுதினார்.

இன்று ஒரு சாதாரணக் குடிமகன் என்ன செய்யலாம்? தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்க வசதி இருக்கிறது. பதிவான 24 மணி நேரத்தில் இதை ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. இணைப்பு வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி வரை சலுகை உண்டு. பாலியல் குற்றங்கள், தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு, அது நியாயமானதே. அறிக்கையின் எண் தெரிந்தால் மின் நீதிமன்றத் தளத்தில் வழக்கைத் தேடலாம். கையில் வக்கீல் இல்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவில், உயிரோடும் சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் இவற்றில் எதுவும் அந்த முதல் இரவின் கேள்விக்குப் பதிலாகாது. முதல் தகவல் அறிக்கை குற்றத்தைப் பற்றியது. யார் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதைப் பற்றியதல்ல.

அமெரிக்காவில் நிலைமை நேரெதிர். அங்கே பல கவுண்டிகளின் ஷெரீப் அலுவலகங்கள், சிறைக்குள் வந்தவரின் பெயர், அனுமதி எண், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, பல இடங்களில் புகைப்படம் உட்பட இணையத்தில் வைத்துவிடுகின்றன. வீட்டில் உட்கார்ந்தபடியே தேடலாம். பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களை அள்ளித் தனித் தளங்களில் போட்டு, நீக்குவதற்குக் காசு கேட்கும் ஒரு வணிகமே அங்கே முளைத்தது. கலிபோர்னியா 2014இல் அதற்கு எதிராகச் சட்டம் செய்ய வேண்டி வந்தது. பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டி, 1938 வரை பின்னோக்கிப் போய்த் தன் சிறைக்கு வந்தவர்களையெல்லாம் தேடுபொறியில் ஏற்றியது. 2019இல் ஒரு ஜூரி, ஏறத்தாழ 67,000 பேரில் ஒவ்வொருவருக்கும் ஆயிரம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. வழக்கு தள்ளுபடியான பிறகும், விடுதலையான பிறகும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு படம் முன்னால் வந்து நிற்கிறது.

ஆகவே பதிவு வேண்டும் என்று சொல்லும் நாம், எதற்கான பதிவு என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கருத்து இது: அது அரசைக் கேள்வி கேட்பதற்கான பதிவு, ஆளை அடையாளம் காட்டி நிறுத்துவதற்கானதல்ல. ஒருவன் காவலில் இருக்கும்வரை அவன் பெயரும், பிடித்தவர் பெயரும், நேரமும், இடமும் பலகையில் இருக்கட்டும். வெளியே வந்ததும் அவன் பெயரை அழித்துவிடலாம். முகவரியைத் தெருப்பெயர்வரை எழுதுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தேடி வருகிறவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நம் ஊரிலோ இரண்டும் தலைகீழாக நடக்கிறது. மேசைமேல் நகைகளும் கத்திகளும் பரப்பிவைத்து, பின்னால் பிடிபட்டவர்களை வரிசையாக நிறுத்தி, இருபுறமும் காவலர்கள் நிற்கும் புகைப்படத்தை நாம் அனைவரும் காலைக் காப்பியோடு பார்த்தவர்கள்தாம். கேட்காதவர்களுக்கெல்லாம் அந்த முகம் காட்டப்படுகிறது. முந்தைய இரவு வாசலில் நின்று கேட்ட தாயிடம், அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லியிருப்பார்கள்.

புதிய சட்டம் வந்த பின் எங்களில் இருவர் ஒரு காவல் நிலையத்துக்குப் பலகையைப் பார்ப்பதற்கென்றே போனோம். வரவேற்பில் இருந்த பெண் காவலர் மரியாதையாகவே உட்காரச் சொன்னார். சுவரில் தலைக்கவசம் பற்றிய சுவரொட்டி இருந்தது. காணாமல் போனவர்களின் படங்கள் இருந்தன. அந்த நிலையத்தில் பணியாற்றிய ஆய்வாளர்களின் பெயர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வெள்ளை வண்ணத்தில் அழகாக எழுதப்பட்டிருந்தன. கைதானவர்களின் விவரம் எங்கே என்று கேட்டோம். “அதெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும் சார்” என்றார். பார்க்க முடியுமா என்றதற்கு, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “நீங்க யாருக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.