இயலாமையின் இலக்கணம்

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் இருவர் சந்தித்தால் மாணவரின் பிழைகளைப் பற்றிப் பேசாது பிரிவது அரிது. அப்பிழைகளுள், சென்ற காலத்தில் ஒன்று இயலாது போனதைச் சொல்லுமிடத்து நேரும் பிழை தனி வகையானது. 'நேற்று வர முடியவில்லை' என்று தமிழில் தெளிவாகச் சொல்லும் பிள்ளை, அதனை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்ததும் 'கேன் நொட்' என்பதா, 'குட் நொட்' என்பதா, 'குட் நொட் ஹேவ்' என்பதா என்று தடுமாறுகிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் எங்கள் கரையோரப் பாடசாலைகளில் இத்தடுமாற்றத்தை நான் பல்லாண்டுகள் கண்டிருக்கிறேன். இதற்கு மாணவரின் தமிழே காரணம் என்பது பலர் எண்ணம். அத்தமிழே இதற்கு மருந்தும் ஆகும் என்பது என் கருத்து.

முதலில் நோயின் வேரைக் காண்போம். 'என்னால் நடக்க முடியவில்லை' என்ற வாக்கியம் எந்தக் காலத்தைக் குறிக்கிறது? காலில் முள் தைத்தவன் அந்நேரமே சொன்னால் நிகழ்காலம். நேற்றுப் பட்ட துன்பத்தை இன்று நினைந்து சொன்னால் இறந்தகாலம். 'இல்லை' என்று முடியும் எதிர்மறை இவ்விரண்டுக்கும் பொது. 'நேற்று', 'இப்பொழுது' என்பன போன்ற சொற்களும் பேசும் சந்தர்ப்பமுமே காலத்தைத் தெளிவிக்கின்றன. பழந்தமிழில் 'வாரான்', 'உண்ணான்' முதலிய எதிர்மறை வினைகள் காலங்காட்டும் இடைநிலை இன்றியே நின்றன என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். ஆங்கிலமோ எதிர்மறையிலும் காலத்தைக் கைவிடுவதில்லை. நிகழ்காலத்தில் 'கேன்' என நிற்பது இறந்தகாலத்தில் 'குட்' ஆகியே தீரும். ஆகவே, 'முடியவில்லை' என்பதற்கு ஈடாக ஒரே ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்விப்பது, பிள்ளையைப் பாதி வழியில் விட்டுச் செல்வதாகும்.

இனி, 'குட் நொட்' என்னும் அச்சொற்றொடர் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் பொருள்களைப் பார்ப்போம். சிறு வயதில் எனக்கு நீந்தத் தெரியாது. வெள்ளம் மிகுந்திருந்தமையால் அன்று நீந்த முடியவில்லை. வீட்டார் விடாததால் நீந்தப் போக இயலவில்லை. இம்மூன்றுக்கும் ஆங்கிலேயன் 'குட் நொட்' என்ற ஒன்றையே கையாளலாம். தமிழிலோ அறியாமைக்கு ஒரு சொல்லும் இயலாமைக்கு வேறு சொல்லும் உள்ளன. 'கேன்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'அறிதல்' என்பதே பொருள் என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். அதனாற்றான் 'தெரியாது' என்பதையும் அது இன்றளவும் சுமந்து நிற்கிறது. எங்கள் ஊர்களில் பேச்சில் வழங்கும் 'ஏலும்', 'ஏலாது' என்ற சொற்களையும் இங்கே நினைவிற் கொள்ளலாம். 'நேற்று வர ஏலாமல் போயிற்று' என்று ஒருவர் சொல்லும்போது, வர விரும்பியதும் தடை நேர்ந்ததும் சேர்ந்தே ஒலிக்கின்றன. 'வரவில்லை' என்பதில் அவ்விரண்டும் இல்லை.

உடன்பாட்டில் வேறொரு நுட்பம் உண்டு. 'ஆறு வயதிலேயே என்னால் நீந்த முடிந்தது' என்று பொதுவான ஆற்றலைச் சொல்ல 'குட்' பொருந்தும். 'நேற்று எப்படியோ பரீட்சையில் சித்தியடைய முடிந்தது' என்று ஒரு தடவை முயன்று நிறைவேற்றியதைச் சொல்ல அது பொருந்தாது. 'வோஸ் ஏபிள் டு' என்றே எழுதல் வேண்டும். எதிர்மறையிலோ இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. மருதமுனை நெசவாளர் ஒருவர் நூல் வந்து சேராமையால் குறித்த நாளில் சேலையை முடிக்க இயலாது போனதைச் சொல்ல 'குட் நொட்' என்பதே போதும். வென்றதைச் சொல்ல இரண்டு வாய்பாடுகள் வேண்டும். தோற்றதைச் சொல்ல ஒன்றே அமையும். இதனை ஒருமுறை எடுத்துக்காட்டினால் மாணவர் மறப்பதில்லை.

அடுத்து வருவது மாணவர் மிகவும் அஞ்சும் 'குட் நொட் ஹேவ்'. அஞ்சுவதற்கு இதில் ஏதுமில்லை என்பதைத் தமிழே காட்டுகிறது. 'அவர் நேற்று மாலை கொழும்பில் இருந்திருக்க வேண்டும்' என்று ஒருவர் ஊகிக்கிறார். அதே நேரத்தில் அவரைக் கல்முனைச் சந்தையிற் கண்ட மற்றவர் எவ்வாறு மறுப்பார்? 'இருந்திருக்க வேண்டாம்' என்று எந்தத் தமிழனும் சொல்லமாட்டான். 'இருந்திருக்க முடியாது' என்றே சொல்வான். ஆங்கிலமும் இதே வழியிற் செல்கிறது. 'மஸ்ட் ஹேவ்' என்ற ஊகத்தை மறுக்கையில் 'கேன் நொட் ஹேவ்' அல்லது 'குட் நொட் ஹேவ்' என்பதே நாம் பயிலும் பிரித்தானிய ஆங்கிலத்தின் வழக்கு. 'மஸ்ட் நொட் ஹேவ்' என்று அமெரிக்கர் வழங்குவதுண்டு. 'இருந்திருக்க முடியாது' என்று சரியாகப் பேசும் பிள்ளை ஆங்கிலத்தில் 'மஸ்ட் நொட் ஹேவ்' என்று எழுதுமாயின், அது தன் தமிழை மறந்து எழுதுகிறது என்பதே உண்மை.

இன்னும் ஒன்று. 'அவர் போகாமல் இருந்திருக்கலாம்' என்பதும் 'அவர் போயிருக்க முடியாது' என்பதும் ஒன்றல்ல. முன்னது ஐயம், பின்னது துணிவு. தமிழில் எதிர்மறை எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணாற் காணலாம். முன்னதில் அது போதலை மறுக்கிறது. பின்னதில் போவதற்கான சாத்தியத்தையே மறுக்கிறது. ஆங்கிலத்தில் 'நொட்' என்பது இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. 'மே', 'குட்' என்ற துணைவினையே பொருளை மாற்றுகிறது.

இவையெல்லாம் பரீட்சைக்குரிய நுணுக்கங்கள்தாமே என்று எவரேனும் கேட்பாராயின், அவரை 2004ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்குமாறு வேண்டுவேன். அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை எங்கள் கரையை வாரிச் சென்றது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. அதன்பின் வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்தனர். ஆங்கிலம் அறிந்த எங்கள் இளைஞர்கள் அவர்களுக்கு மொழிபெயர்த்தனர். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் 'பிடிக்க ஏலாமல் போயிற்று' என்கிறாள். அதனை 'டிட் நொட்' என்று மொழிபெயர்த்தால் அவள் பிடிக்கவில்லை என்று பொருள்படும். அவள்மீது ஒரு குற்றம் ஏறிவிடும். 'குட் நொட்' என்றால் முயன்றும் இயலவில்லை என்ற உண்மை நிற்கும். 'குட் நொட் ஹேவ்' என்றால், யார் எவ்வாறு முயன்றிருந்தாலும் அது நடந்திருக்காது என்ற ஆறுதலும் அதனுடன் சேரும். 'காப்பாற்றியிருக்கலாமே' என்ற நினைவால் வருந்துவோர்க்குக் 'காப்பாற்றியிருக்க முடியாது' என்ற வாக்கியத்தைவிடச் சிறந்த மருந்து எந்த மொழியில் உண்டு?

மற்றொரு பக்கமும் இதற்கு உண்டு. சுமாத்திராக் கரையருகே நிலம் அதிர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான பின்னரே அலை இங்கே வந்தது. பசிபிக் சமுத்திரத்துக்கு அக்காலத்திலேயே எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது; இந்து சமுத்திரத்துக்கு இருக்கவில்லை. கடற்கரையில் நின்ற மீனவர் 'அறிந்திருக்க முடியாது' என்பது உண்மை. உலகில் எவருமே அறிந்திருக்க முடியாது என்பது உண்மையன்று. எவர் அறியவில்லை, எவர் அறிந்திருக்கலாம், எவர் அறிந்திருக்கவே முடியாது என்று பிரித்துச் சொல்லத் தெரியாத சமூகம், தனக்கு நேர்ந்ததற்குக் கணக்குக் கேட்கவும் அறியாது. துணைவினை ஒன்றில் நீதியே தங்கியிருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆங்கில வகுப்பில் தாய்மொழி தலைகாட்டவே கூடாது என்பார் சிலர். காதினாற் கேட்டுக் கேட்டு மொழி பழகவேண்டும் என்ற அளவில் அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. ஆங்கிலம் வீதியிலும் வீட்டிலும் ஒலிக்கும் ஊரில் அது நடைபெறும். வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலத்தைக் கேளாத பிள்ளைக்குத் தன் மனத்திலுள்ள பொருளைத் தெளிந்துகொள்ளத் தமிழன்றி வேறு கருவி ஏது? எங்கள் அயலூராகிய காரைதீவில் 1892இல் பிறந்து, கல்முனையிற் பயின்று, பின்னர்ப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய சுவாமி விபுலாநந்தர், சேக்ஸ்பியரின் நாடகங்களை 'மதங்க சூளாமணி' வாயிலாகத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்தார். இரு மொழிகளையும் ஒருசேரப் பேணலாம் என்பதற்கு அவரே சான்று. கல்முனைக்குடி தந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' இக்காலத் தமிழின் அமைப்பை எளிதில் விளக்குகிறது. ஆங்கில ஆசிரியர்களும் அதனைத் தம் மேசைமீது வைத்திருத்தல் நன்று.

நான் வேண்டுவது பெரிதன்று. வாய்பாட்டை எழுதுமுன், ஆசிரியர் தமிழில் மூன்று வினாக்களைக் கேட்கட்டும். இயலாமை இன்றையதா, நேற்றையதா? தெரியாமையா, தடையா, ஆற்றலின்மையா? நடந்ததைச் சொல்கிறோமா, நடந்திருக்குமா என்று ஆராய்கிறோமா? இவற்றுக்குத் தமிழில் விடை கூறும் பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் தேடுவது கடினமாகாது. ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் அப்பாலுள்ள உலகுக்கும் செல்லவிருக்கும் எங்கள் பிள்ளைகள், தம்மால் இயன்றதைச் சொல்லவும் இயலாது போனதை உள்ளவாறே உரைக்கவும் கற்றுச் செல்லட்டும்.