பாலத்தை வீழ்த்திய லூஸ் ஒயர்!

ஒரு சிறிய ஒயர் சரியாகச் சொருகப்படவில்லை. அதில் தொடங்கிய விபத்தில் பெரிய பாலம் ஒன்று இடிந்து விழுந்தது. 6 பேர் உயிர் இழந்தார்கள்.

இது கதை அல்ல. அமெரிக்காவில் நடந்த உண்மை.

2024-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி. நள்ளிரவு தாண்டிய நேரம். பால்டிமோர் துறைமுகத்தில் இருந்து "டாலி" என்ற சரக்குக் கப்பல் புறப்பட்டது. அதன் நீளம் சுமார் 300 மீட்டர். அது போக வேண்டிய ஊர், இலங்கையில் உள்ள கொழும்பு. கப்பலில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

திடீர் என்று இருட்டு!

வழியில் "பிரான்சிஸ் ஸ்காட் கீ" பாலம் இருந்தது. அதை நெருங்கும்போது கப்பலில் மின்சாரம் போய்விட்டது. எஞ்சின் நின்றது. மின்சாரம் திரும்பி வந்தது, மறுபடியும் போய்விட்டது. 1.29 மணிக்குக் கப்பல் பாலத்தின் தூணில் மோதியது.

மோதும் முன்பே கப்பலில் இருந்து எச்சரிக்கை வந்தது. போலீசார் வண்டிகளைப் பாலத்தின் மேல் போகவிடாமல் தடுத்தார்கள். அதனால் பலர் தப்பினார்கள்.

ஆனால் பாலத்தின் மேல் சிலர் சாலையின் குழிகளை அடைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்குச் சமயத்தில் செய்தி போய்ச் சேரவில்லை. இறந்த 6 பேரும் அந்தத் தொழிலாளர்கள்தான். மெக்சிகோ, கவுதமாலா முதலிய நாடுகளில் இருந்து பிழைப்பு தேடி வந்தவர்கள்.

காரணம் என்ன?

அமெரிக்க தேசிய போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் விசாரணை நடத்தியது. 2025 நவம்பர் 18-ந் தேதி முடிவைச் சொன்னது.

ஒயரின் முனையைச் சொருகும் இடத்துக்கு டெர்மினல் என்று பெயர். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது ஒயரைக் கவ்விப் பிடிக்கும்.

எந்த ஒயர் என்று தெரிவதற்காக, ஒயரின் மேல் அடையாளச் சீட்டு மாட்டி இருந்தார்கள். அந்தச் சீட்டு இடித்துக்கொண்டது. ஒயர் முழுவதும் உள்ளே போகவில்லை. பிடிப்பு இல்லாமல் சிக்னல் நின்றது. பிரேக்கர் தானாக விழுந்தது. கப்பல் இருண்டது.

இரண்டாம் முறை மின்சாரம் போனதற்குக் காரணம் எரிபொருள் பம்பு. பாலத்துக்குப் போதிய பாதுகாப்பு இல்லாததும் ஒரு குறை. ஆனால் எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்த ஒயர்தான்.

புதிய பாலம் கட்ட 430 கோடி டாலர் முதல் 520 கோடி டாலர் வரை ஆகும் என்று மேரிலாந்து மாநில அரசு 2025 நவம்பரில் கூறியது.

எப்படி வாங்குவது?

மாவு மில் ஆனாலும், பெரிய ஆலை ஆனாலும், எந்திரம் ஓடுவது இந்த இணைப்புகளை நம்பித்தான். பிளக், சாக்கெட், டெர்மினல் வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தால் போதாது.

முதலில் பிடிப்பு. எந்திரம் அதிரும். அதிர அதிரத் திருகு தளரும். ஸ்பிரிங் பிடிப்பு அதிர்வைத் தாங்கும். ஆனால் டாலி கப்பலில் இருந்ததும் ஸ்பிரிங்தான்! நல்ல பொருள் வாங்கினாலும் சரியாகப் பொருத்த வேண்டும். சொருகியதும் ஒயரை இழுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து தூசியும் தண்ணீரும். இதற்கு "ஐ.பி." எண் உண்டு. ஐ.பி.67 என்றால், 6 என்பது தூசி புகாது என்பதைக் காட்டும். 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதைக் காட்டும். மூடி திறந்து கிடந்தால் இந்த எண்ணால் பயன் இல்லை.

மூன்றாவது சூடு. கரண்ட் இரண்டு மடங்கு ஆனால், இணைப்பில் சூடு நான்கு மடங்கு ஆகும். ஆகவே எந்திரம் இழுக்கும் கரண்டைவிட அதிக ஆம்பியர் தாங்கும் பொருளை வாங்க வேண்டும். பிளக்கில் எர்த் முனை முதலில் தொட வேண்டும். கழற்றும்போது கடைசியில் விலக வேண்டும். இது ஆள் உயிரைக் காக்கும்.

கேபிளை யாராவது இழுத்தால், அந்த இழுப்பு ஒயர் முனைக்குப் போகக்கூடாது. கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு அதற்காகத்தான்.

சோதனை முக்கியம்

ஒழுங்காகச் சோதனை செய்து இருந்தால் அந்த ஒயரைக் கண்டுபிடித்து இருக்கலாம் என்பது வாரியத்தின் கருத்து. அதிக கரண்ட் ஓடும் இணைப்பு தளர்ந்தால் சூடாகும். வெப்பத்தைக் காட்டும் கேமரா மூலம், எந்திரத்தை நிறுத்தாமலே அதைப் பார்த்துவிடலாம்.

மலிவான பிளக் வாங்கினால் சில ரூபாய் மிச்சம் ஆகலாம். ஆனால் எந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர், ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர். முதலாளியும் மெக்கானிக்கும் அதை நினைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.