தாத்தாவுக்கு ஒரு பரீட்சை

கோடை பிறந்ததும் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வண்டிகள் வரிசையாக ஏறத் தொடங்கிவிடுகின்றன. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்தில் வண்டி நின்றதும் குழந்தைகள் ஏரிக்கரைக்கு ஓடுகிறார்கள். தாத்தா மட்டும் கதவைப் பிடித்தபடி நிற்கிறார். "வயதாகிவிட்டது, பாவம்! வண்டியிலேயே உட்காரட்டும்" என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். விசாரணையின்றி வழங்கப்படும் இத்தீர்ப்பைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம். உட்கார வைக்கப்பட்ட கால் மேலும் வலுவிழக்கும். வலுவிழந்த கால் எளிதில் இடறும். இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் முதுமையில் மீண்டும் எழுந்து நடமாடுவது எளிதன்று.

விசாரணைக்கு முறை இருக்கிறது. 1991-ஆம் ஆண்டில் பொட்சியாட்லோ, ரிச்சர்ட்ஸன் என்ற இருவர் வெளியிட்டது அது. கைப்பிடியுள்ள நாற்காலியும் கடிகாரமும் போதும். முதியவர் எழுந்து, பத்தடிக்கு அப்பாலுள்ள கோடு வரை வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். கைத்தடி ஊன்றுபவர் அதை ஊன்றியே நடக்கலாம். ஒருவர் அருகிலேயே நிற்பது அவசியம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டென்று அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு நிலையம் எச்சரிக்கிறது. ஆயினும், கடிகாரத்தை மட்டும் பார்ப்பவர் நல்ல பரீட்சகர் அல்லர் என்பது பள்ளிக்கூட அநுபவமுள்ள நமது அபிப்பிராயம். எழுவதற்கு எத்தனை முறை முயல்கிறார், திரும்பும்போது தள்ளாடுகிறாரா, கை சுவரைத் தேடுகிறதா என்பவற்றையும் கவனிக்க வேண்டும்.

பேச்சையும் கவனிக்கலாம். ஸ்வீடனில் 58 முதியவர்களை நடக்கவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர் 12 பேர்; அவர்களில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தனர். 1997-இல் வெளியான செய்தி இது.

நாற்காலியே இல்லாத வீட்டில் என்ன செய்வது? பிரேஸில் வைத்தியர்கள் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி, கையோ முழங்காலோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் பத்தில் ஒரு மார்க்கைக் குறைக்கிறார்கள். இலை போட்டுச் சாப்பிடும் நம் பாட்டிமார் யாரும் கேளாமலே அன்றாடம் எழுதும் பரீட்சை!

இவையெல்லாம் சமதரைப் பரீட்சைகள். சேர்வராயன் மலையின் மலையாளிகளுக்கு (கேரளத்தார் அல்லர், இம்மலையின் பழங்குடியினர்) ஏற்ற இறக்கமே வாழ்க்கை. ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் இறங்கும்போதுதான் தொடைத் தசைகள் பிரேக்கைப் போல் உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். வழவழப்பான ஆஸ்பத்திரித் தரையில் பத்தே விநாடியில் தேறிய கிழவி, மழை நனைத்த காப்பித் தோட்டப் பாதையில் தவறலாம். "வீட்டுக்கு எந்த வழியாகப் போவாய், பாட்டி?" என்று கேட்காத வைத்தியர் பாதிப் பரீட்சையே நடத்தியிருக்கிறார்.

தேறாதவரை மூலையில் உட்கார வைப்பது மருந்தாகாது. எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்குகிறதா, தூக்க மாத்திரை மயக்குகிறதா, கண்ணில் புரையா, செருப்பு தேய்ந்ததா என்று பார்க்க வேண்டும். கால்களுக்குப் பயிற்சி வேண்டும். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீடு தேடி வருவதும் உண்டு.

மலைப் பயணத்துக்குச் சில வாரம் முன்னதாகவே வீட்டுக் கூடத்தில் நாற்காலியைப் போட்டுப் பாருங்கள். ஏற்காட்டில் இறங்கியதும் வளைவுகளின் தலைச்சுற்றல் அடங்கும் வரை தாத்தா சற்று நிற்கட்டும். இறக்கத்தில் துணைக்கு வருபவர் ஓரடி கீழே, சற்றுப் பக்கவாட்டில் நடக்க வேண்டும். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கலாகாது.